மல்லாட்டைக் கொல்லைக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

வாசகர் கேள்விகள். பதில் தருபவர் படையில் ஆயுதப் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்ற சுபேதார். இப்போது வேலூர் மாவட்டம் கணியம்பாடி பக்கம் விவசாயம் பார்க்கிறார்.

கேள்வி: ஐயா, எனக்கு ஏரிக்குக் கீழே இரண்டரை ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை). விதைத்த வாரத்தில் அணில் தோண்டித் தின்கிறது, காய் பிடிக்கும்போது எலி தின்கிறது. என் மச்சான் மகன் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் இருக்கிறான். அங்கே தரையில் வளை தோண்டி வாழும் அணில்களைச் சின்ன ரைஃபிளால் சுடுவதை போனில் காட்டினான். 'பாயின்ட் 22' என்றான், விலையும் கம்மியாம். நம் ஊரில் அந்த மாதிரி மலிவாக எது கிடைக்கும்? ஆடு மாடு மிரளாமல், சத்தம் குறைவாக இருந்தால் நல்லது. (ஒரு விவசாயி, ஒடுகத்தூர்)

பதில்: எதையும் வாங்காதீர்கள். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நீங்கள் அடுத்த ஆளிடம் போய்க் கேட்பீர்கள். அவர் மலையடிவாரத்தில் யாரையோ பிடித்து நாட்டுத்துப்பாக்கி ஒன்றை உங்கள் தலையில் கட்டிவிடுவார். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

உங்கள் மச்சான் மகன் காட்டியது பொய்யில்லை. கலிபோர்னியாவின் தரை அணில் வேறு ஜாதி. மரத்தில் கூடு கட்டாது, கூட்டம் கூட்டமாக வளை தோண்டி வாழும். பழத்தோட்டம், தீவனப் பயிர், கால்வாய்க் கரை என்று எல்லாவற்றையும் கெடுக்கும். பகலில்தான் வெளியே வரும். வளை வாசலில் இரண்டு காலில் நிமிர்ந்து நின்று சுற்றும் முற்றும் பார்க்கும். சுடுகிறவனுக்கு அதைவிட வசதியான குறி கிடையாது. ஒரே ஆளுக்குச் சொந்தமான நிலம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடக்கும், பின்னால் மண்மேடு இருக்கும். அந்த இடத்தில் அந்தப் பிராணிக்கு ரைஃபிள் சரியான கருவிதான்.

அங்கே ஏழை விவசாயி முதலில் எடுப்பது பாயின்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டா போடுகிற துப்பாக்கி. பாயின்ட் 22 என்பது அங்குலக் கணக்கில் குழலின் விட்டம். 1887 முதல் இருக்கிற தோட்டா. குண்டின் எடை 40 கிரெய்ன், நம் கணக்கில் 2.6 கிராம். குழலை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகம், சுமார் 140 ஜூல் சக்தி. தோளில் உதைக்கவே உதைக்காது. வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே இருப்பதால் அந்தச் 'சுளீர்' ஓசையும் இருக்காது. நீங்கள் கேட்கிற குறைந்த சத்தம் இதுதான். ரூகர் 10/22, மார்லின் 60 என்ற இரண்டு ரைஃபிளும் ஒவ்வொரு தடவை விசையை இழுக்கும்போதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். சாவேஜ் கம்பெனியின் போல்ட் ரைஃபிள் கையால் ஏற்றுவது. நான் அந்த ஊர்க்காரனாக இருந்தால் போல்ட்தான் வாங்குவேன். ஒவ்வொரு குண்டுக்கும் கையை அசைக்க வேண்டியவன் நிதானமாகக் குறி பார்ப்பான். தானாக ஏறினால் பட்டாசுச் சரம் மாதிரி விட்டுக்கொண்டே இருப்பான், பத்தில் ஒன்றுகூடப் படாது. ரெக்ரூட் பையன்களிடம் நான் பார்த்துச் சலித்த விஷயம் அது.

இன்னும் தூரத்தில் சுட வேண்டியவர்கள் 2002-இல் வந்த பாயின்ட் 17 ஹெச்.எம்.ஆர். என்ற தோட்டா போடுகிற துப்பாக்கியை எடுக்கிறார்கள். 17 கிரெய்ன்தான் குண்டு, ஆனால் 22-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வேகம். நூறு மீட்டரைத் தாண்டியும் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். தோட்டா விலைதான் கையைக் கடிக்கும். இன்னொன்று, கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் காட்டு விலங்கு எதைச் சுட்டாலும் ஈயக்குண்டு போடக் கூடாது. செத்ததைத் தின்னும் கழுகுகளின் உடம்பில் ஈயம் ஏறி அவை சாவதால் வந்த சட்டம். உங்கள் மச்சான் மகனுக்கு இது தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

சரி, இப்போது ஒடுகத்தூருக்கு வருவோம்.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவைப் படித்தால் பயிர்ப் பாதுகாப்பு என்ற சொல் அதிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கென்று சொல்லியிருப்பது குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி கருதினால் உள்ளே வரி இல்லாத வழுவழுப்புக் குழல் துப்பாக்கி. பாயின்ட் 22 ரைஃபிளுக்கு அதே பிரிவில் எழுதியிருக்கும் காரணம், அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினரின் குறிப்பயிற்சி. வேறு தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரி திருப்திப்பட்டால் கொடுக்கலாம் என்றும் ஒரு வழி இருக்கிறது. 'அணில் மல்லாட்டை தின்கிறது' என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள், அந்த அதிகாரி சிரிக்காமல் இருந்தால் எனக்கு எழுதுங்கள். வயது 21 ஆகியிருக்க வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்த சான்று வேண்டும். வெளிநாட்டுத் துப்பாக்கியைச் சொந்தக்காரர் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது நடக்கவே நடக்காது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை. இரண்டரை ஏக்கர் மல்லாட்டையின் மொத்த விலை வக்கீலின் முதல் வாய்தாவுக்குப் போதாது.

சட்டத்தை விடுங்கள். 22 குண்டு குறி தவறினால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும். சின்னத் துப்பாக்கி என்று சொல்லிச் சொல்லியே அதன் மேல் பயம் போய்விட்டது. உங்கள் கொல்லையை நடுவில் வைத்து அந்தத் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். எத்தனை பம்பு செட், களை எடுக்கும் பெண்கள் எத்தனை பேர், ஆடு மேய்க்கும் பையன்கள் எத்தனை பேர்? போதாக்குறைக்கு நம் பக்கம் முழுக்கப் பாறை. வேகம் குறைந்த மென்மையான ஈயக்குண்டு பாறையில் பட்டுத் திரும்பினால் எந்தப் பக்கம் பறக்கும் என்று முப்பது வருஷம் துப்பாக்கி பிடித்தவனாலும் சொல்ல முடியாது. படையில் ஃபயரிங் ரேஞ்சில் சிவப்புக் கொடி ஏற்றி, பின்னால் மண்மேடு கட்டி, சுற்றிலும் ஆள் நிறுத்தி, அப்புறம்தான் முதல் தோட்டாவை எண்ணிக் கொடுப்பார்கள். அதுவும் இதே 22-க்குத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் மல்லாட்டையைத் தின்பது யார் என்று நீங்களே இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. நம் அணில் மரத்து அணில். விதை முளைத்து மேலே வரும் ஏழு முதல் பத்து நாள் வரைதான் அது கொல்லையில் தோண்டும், அதுவும் புளியமரம், வேலி ஓரமாக நாலைந்து சால். பகலில் கண்ணெதிரே ஓடுவதால் எல்லாப் பழியும் அதன் மேல் விழுகிறது. நிஜக் கள்ளன் ராத்திரி வருகிறவன். வயல் எலி, வெள்ளெலி, பெருச்சாளி எல்லாம் இருட்டிய பிறகுதான் வெளியே வரும். பகலில் ரைஃபிளோடு வரப்பில் உட்கார்ந்தால் அணிலும் மயிலும்தான் தட்டுப்படும். மயில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தெரியாத்தனமாகக்கூட அதன்மேல் ஒரு ரவை படக் கூடாது. அணில் விஷயத்திலும் வனச்சரகரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

ஆளைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். காலையில் வெயில் ஏறுமுன் கொல்லைக்குள் இறங்குங்கள். சால் நீளத்துக்கு மண் உழுத மாதிரி புரண்டு கிடந்தால் காட்டுப்பன்றி. அது வனத்துறையின் வேலை, உங்கள் வேலை இல்லை, மனு கொடுங்கள். செடி நின்றபடியே இருந்து, அடியில் ஒரு பக்கமாக மண் பறித்துக் காய் மட்டும் போயிருந்தால் எலி. வரப்போரமாகப் போய்ப் பாருங்கள், வளை வாசலில் புது மண் பொடிப்பொடியாகக் குவிந்திருக்கும், பக்கத்தில் மல்லாட்டைத் தொட்டி கிடக்கும். சாயந்திரம் கண்ணில் படும் வளையை எல்லாம் காலால் மிதித்து மண் போட்டு அடைத்துவிடுங்கள். மறுநாள் காலை எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. மிச்சம் எல்லாம் காலி வீடு. இது தெரியாமல் எல்லா வளையிலும் மருந்து கொட்டுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

அடுத்து, இருளர் வீட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். நம் பக்கம் எலி பிடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அவர்கள் வேலை செய்யும்போது கூட நின்று பாருங்கள். வரப்பில் கடப்பாரையை இறக்கிப் பார்த்தே வளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வளைக்கு நாலைந்து வாசல் இருக்கும். ஒன்றை விட்டு மற்றதை எல்லாம் ஈர மண்ணால் அடைத்து, ஓட்டைச் சட்டியில் வைக்கோலைக் கொளுத்தி அந்த ஒரு வாசலில் வாய் வைத்து ஊதுவார்கள். புகை எங்கிருந்தாவது கசிந்தால் அங்கே ஓடிப்போய் ஒருவர் மண் அப்புவார். அஞ்சு நிமிஷம் கழித்து வெட்டினால் எலி மயங்கிக் கிடக்கும், குட்டிகளும் கிடக்கும். பெருச்சாளி வளையாக இருந்தால் உள்ளே தனி அறையில் நீங்கள் தொலைத்த மல்லாட்டையும் இருக்கும். அது அவர்களுக்குத்தான், பேரம் பேசாதீர்கள். கூலியும் முழுசாகக் கொடுங்கள். மண் சட்டியில் வாய் வைத்து ஊதிக் கையும் உதடும் வெந்து செய்கிற வேலை அது. கையால் சுற்றுகிற புகைப்பெட்டி வந்துவிட்டது, ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக் கொடுத்தால் புண்ணியம்.

இதை நீங்கள் ஒருவர் மட்டும் செய்தால் பயனில்லை. பெண் எலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈட்டில் ஆறேழு குட்டி. உங்கள் கொல்லை காலியானால் பக்கத்துக் கொல்லைக்காரரின் எலி குடி வந்துவிடும். ஏரிக்குக் கீழே இருக்கிற எல்லோரும் சேர்ந்து, அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கிற கோடையிலேயே வேலையை முடிக்க வேண்டும். வரப்பைச் சன்னமாகச் சீவுங்கள். அகல வரப்பு என்றால் எலிக்கு மாடி வீடு. ஏக்கருக்குப் பதினைந்து இருபது இடத்தில் 'டி' மாதிரிக் குச்சி நட்டால் ராத்திரி கூகையும் ஆந்தையும் வந்து உட்காரும். தஞ்சாவூர் கிட்டி நல்ல பொறி, மூங்கிலிலேயே செய்துகொள்ளலாம். மேல் விவரம் வேண்டுமென்றால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள், ஒடுகத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம்.

விதைத்த வாரத்து அணிலுக்கு ஆள் காவல்தான். பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் இருந்தால் ஒரு தகர டப்பாவும் குச்சியும் கொடுத்து அனுப்புங்கள். விதையை இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கீழே போட்டு மண்ணை நன்றாக அணையுங்கள். மேலாக விழுந்த விதைதான் முதலில் போகிறது.

கேள்வி: ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை என்கிறார்களே? தென்னந்தோப்பில் குரும்பை எல்லாம் ஓட்டை போட்டு விழுகிறது. ஒன்று வாங்கி அணிலை அடித்தால் என்ன? (குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பாதி சரி. 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர், அதாவது பாயின்ட் 177-க்கு மேல் போகாமல், சக்தியும் 20 ஜூலுக்கு மேல் போகாமல் இருந்தால் உரிமம் வேண்டாம். கடைக்காரர் அடையாள அட்டை நகல் வாங்கிக்கொள்வார். பாயின்ட் 22 ஏர் ரைஃபிள் என்று கடையில் காட்டினால் அது வேறு கணக்கு, அதற்கு உரிமம் வேண்டும். 'காற்றுதானே, தோட்டா இல்லையே' என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

உரிமம் வேண்டாம் என்றால் கண்டதையும் சுடலாம் என்று அர்த்தம் இல்லை. காட்டுயிருக்கான சட்டம் தனி. அதோடு ஏர் கன்னில் போடுகிற ஈய ரவையான 4.5 பெல்லட் அரை கிராம்தான் இருக்கும். சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கியில் 8 முதல் 15 ஜூல். முப்பது அடி உயரத்தில் மட்டைக்கு நடுவே ஓடுகிற அணிலை அது கொல்லாது, வயிற்றில் காயம் பண்ணும். நாலு நாள் கழித்துச் சாகும். படையில் இருந்தவன் சொல்கிறேன், காயம் மட்டும் பண்ணுகிற ஆயுதத்தைப் போல அசிங்கம் வேறில்லை.

குரும்பையில் காம்புப் பக்கம் ஓட்டை இருந்தால் அதுவும் பெரும்பாலும் எலிதான். ராத்திரி அடிமரம் வழியாக ஏறுகிறது. தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் ஒன்றேகால் அடி அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி இறுக்கி அடியுங்கள். நகம் பிடிக்காமல் சறுக்கி விழும். ஒரு மரத்து மட்டை அடுத்த மரத்தைத் தொட்டால் தகரம் வீண், அந்த மட்டையைக் கழித்துவிட்டு அடியுங்கள். உச்சியில் பழைய பாளை, பன்னாடை எல்லாம் சேர்ந்து கிடந்தால் எலி அங்கேயே குடித்தனம் பண்ணும், மரம் ஏறுகிறவரைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள். அந்தத் தகரத்தின் விலை நீங்கள் வாங்க நினைக்கிற துப்பாக்கியின் பெல்லட் செலவுக்குக்கூட வராது.

கேள்வி: என் மகள் கல்லூரியில் என்.சி.சி.யில் இருக்கிறாள். 22 ரைஃபிளில் 25 மீட்டரில் நன்றாகச் சுடுகிறாள் என்று மெடல் வாங்கி வந்தாள். வீட்டிலேயே பழக வேண்டும் என்கிறாள். எங்களால் அதிகம் செலவு செய்ய முடியாது. எதைப் பார்த்து வாங்குவது? (ஒரு தாய், காட்பாடி)

பதில்: அம்மா, இந்த வாரக் கடிதங்களில் மகிழ்ச்சியாகப் பதில் எழுதுவது உங்களுக்குத்தான். 22 வேண்டாம், அவளுக்கு அது கல்லூரியிலேயே கிடைக்கிறது. வீட்டுக்கு 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள், குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றுகிற ரகம் போதும். நம் நாட்டிலேயே செய்கிறார்கள். சிலிண்டரில் காற்று அடைக்கிற பி.சி.பி. ரகம் நல்லது, ஆனால் பம்பும் சேர்த்து வாங்க வேண்டும், அது உங்கள் பட்ஜெட் இல்லை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகப் போட்டிகளில் ஜெயிப்பதும் இதே 4.5 பெல்லட்டில்தான். பத்து மீட்டர் தூரம், நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்.

மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். அவள் தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் சாய்த்ததும் கண் தானாகக் குறிக்கு நேரே வர வேண்டும். கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் கட்டை அவளுக்கு நீளம். குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்ற அவளால் இருபது தடவை முடியுமா என்று பாருங்கள், கடைக்காரர் ஏற்றிக் காட்டுவதை நம்ப வேண்டாம். விசை எங்கே விடுபடும் என்று விரலுக்குத் தெரிய வேண்டும், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிற விசை பழகுகிறவளைக் கெடுக்கும். குழலை மூடிய பிறகு மூட்டு இடத்தில் ஆட்டிப் பாருங்கள், பக்கவாட்டில் ஒரு நூல் ஆடினாலும் வேண்டாம். வேகம் வினாடிக்கு இத்தனை அடி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், காகிதத்தில் ஓட்டை போட வேகம் தேவையில்லை. டெலஸ்கோப் இப்போது வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் அதிரும், மலிவான டெலஸ்கோப் சீக்கிரம் கெட்டுப்போகும்.

பெல்லட்டில் தலை தட்டையாக இருக்கிற ரகம் வாங்குங்கள். காகிதத்தில் வட்டமாக வெட்டிய மாதிரி ஓட்டை விழும், எண்ண வசதி. இரண்டு மூன்று கம்பெனி டப்பா வாங்கிச் சுட்டுப் பார்த்து, எது ஒரே இடத்தில் கூடி விழுகிறதோ அதையே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே மாடல் இரண்டு துப்பாக்கிக்குக்கூட வேறு வேறு பெல்லட் பிடிக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இடது உள்ளங்கையில் சும்மா கிடக்க வேண்டும். 22-இல் இறுக்கிப் பழகியவளுக்கு முதலில் குண்டு அங்கும் இங்கும் போகும், பயப்பட வேண்டாம். பெல்லட் இல்லாமல் விசையை இழுக்கக் கூடாது, பிஸ்டன் போய் மோதி ஸீல் கெட்டுவிடும். 'ஸ்மூத்தாக இருக்கும்' என்று யாராவது எண்ணெய் விடச் சொன்னால் கேட்காதீர்கள். காற்று அழுந்துகிற சூட்டில் எண்ணெய் பற்றி வெடித்து, ஸ்பிரிங்கே முறியும்.

பழைய துப்பாக்கி மலிவாக வருகிறது என்றால் வாங்கலாம். ஆனால் மூட்டில் இருக்கிற ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறதா, குழலுக்குள் வெளிச்சத்தில் பார்த்தால் வரி பளபளப்பாகத் தெரிகிறதா, துருவா என்று பாருங்கள். குழல் லேசாக வளைந்திருந்தால் பிறகு எதைச் செய்தாலும் சரிவராது. மடக்கியபடியே தவறி விசையை விட்ட துப்பாக்கி அப்படித்தான் வளையும்.

இடம் முக்கியம். மொட்டை மாடி கூடாது. வீட்டுக்குள் நீளமான கூடம், அல்லது சுவர் வைத்த பின்கட்டு. ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாளை இறுக்கி அடைத்து, பின்னால் ஒரு தடித்த பலகை வைத்து, முன்னால் குறிக் காகிதம் ஒட்டுங்கள். கதவு எதுவும் அந்தப் பக்கம் திறக்கக் கூடாது. பின்னால் கருங்கல் சுவரோ இரும்புத் தகடோ இருந்தால் பெல்லட் திரும்பி வரும். சுடுகிறவளும் கூட நிற்கிறவர்களும் கண்ணாடி போட வேண்டும், விளையாட்டாகச் சொல்லவில்லை. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் துப்பாக்கி பீரோவில் பூட்டி, சாவி உங்கள் இடுப்பில். பக்கத்து வீட்டுப் பையன்கள் 'அக்கா ஒரு தடவை' என்று வருவார்கள், கண்டிப்பாக வருவார்கள்.

கேள்வி: தாத்தா காலத்துக் கெட்டிப்புத் துப்பாக்கி ஒன்று பரணில் இருக்கிறது. உரிமம் அவர் பேரில். அவர் இறந்து வருஷக்கணக்கு ஆகிறது. பன்றியை விரட்டவாவது பயன்படுத்தலாமா? (அணைக்கட்டு வாசகர்)

பதில்: பரணில் இருக்கிற அந்தத் துப்பாக்கி இன்றைய தேதிக்கு உரிமம் இல்லாத துப்பாக்கி. உரிமம் ஆளோடு போய்விடும், பரம்பரைச் சொத்து மாதிரி இறங்காது. தாத்தாவின் உரிமப் புத்தகம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு, முதலில் ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு, போலீஸ் நிலையத்தில் போய்ச் சொல்லி ஒப்படையுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். வேண்டுமென்றால் பிறகு உங்கள் பேரில் பயிர்ப் பாதுகாப்புக்கு மனுப் போடலாம், நான் மேலே சொன்ன 13-ஆவது பிரிவில் இந்த ரகத்துக்குத்தான் இடம் இருக்கிறது. ஆனால் பயிர்ப் பாதுகாப்பு உரிமம் கையில் இருந்தாலும் பன்றியைச் சுட வனத்துறை அனுமதி தனியாக வேண்டும்.

இன்னொன்று. அதைக் கீழே இறக்கும்போது வாய்ப்பக்கம் யாரும் நிற்காதீர்கள். அந்தக் காலத்து ஆட்கள் கெட்டித்து வைத்தபடியே பரணில் போட்டுவிடுவார்கள். கருமருந்து நனையாமல் இருந்தால் எத்தனை வருஷமானாலும் வெடிக்கும். துடைக்கிறேன், மருந்தை எடுக்கிறேன் என்று நீங்களாகக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். 'உள்ளே மருந்து இருக்கலாம்' என்று போலீஸிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எலி மருந்து வைத்தால் நாயும் கூகையும் செத்துவிடாதா? எது நல்ல மருந்து? (விரிஞ்சிபுரம் வாசகி)

பதில்: பசை மருந்தை முதலில் வீட்டை விட்டே தூக்கிப் போடுங்கள். 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்குத் தமிழ்நாட்டில் தடை. அதைத் தின்றவருக்கு விஷமுறிவு மருந்தே கிடையாது, ஈரலைத் தின்றுவிடும். எங்காவது பெட்டிக்கடையில் ஒளித்து வைத்து விற்றாலும் வாங்காதீர்கள். வயலுக்கு ஜிங்க் பாஸ்பைடு அல்லது புரோமடியலோன், ஒரு பங்குக்கு 49 பங்கு பொரியோ அரிசியோ கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைவது. ஜிங்க் பாஸ்பைடு என்றால் முதல் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத இரையையே வையுங்கள், எலி சந்தேகக்காரன், பழகினால்தான் தின்னும். உங்கள் வட்டார வேளாண் அலுவலரைக் கேட்டு வாங்குங்கள், கையுறை போட்டுப் பிசையுங்கள், வீட்டுப் பாத்திரத்தில் பிசையாதீர்கள். உயிருள்ள வளைக்குள் மட்டும் காகிதப் பொட்டலமாகத் தள்ளி வாயை மண்ணால் மூடினால் நாய்க்கு எட்டாது. காலையில் வரப்பைச் சுற்றிவந்து செத்ததைக் குறடால் பொறுக்கி முழங்கால் ஆழத்தில் புதைத்துவிடுங்கள். கூகை வந்து உட்காருகிற பக்கத்து வளைகளுக்கு மட்டும் மருந்து வேண்டாம், அங்கே கிட்டி வையுங்கள்.